ஆறு மாதத் தோட்டப் பயிற்சி: கை பழகுகிறது, காலம் போதவில்லை

தோட்டக்கலையில் பட்டம் பெற்ற கையோடு, ஒரு தாவரவியல் பூங்கா நடத்தும் ஆறு மாத நேரடிப் பயிற்சியில் சேர்ந்து அண்மையில் முடித்தேன். இத்தகைய பயிற்சியில் சேர எண்ணுபவர்களுக்கு உதவக்கூடும் என்பதால், அங்கே கிடைத்ததையும் கிடைக்காததையும் எழுதுகிறேன்.

முதல் வாரம் முழுவதும் தண்ணீர் ஊற்றும் வேலைதான். இதற்கா பட்டம் படித்தோம் என்று சலித்துக்கொண்டேன். ஆனால் நாற்றங்கால் பொறுப்பாளர், “மேல்மண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள் தம்பி, தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்” என்று ஒவ்வொன்றாகத் தூக்கவைத்தபோது, மேலே காய்ந்து தெரிந்த பல தொட்டிகள் அடியில் ஈரத்தால் கனத்தன. தண்ணீர் போதாமல் வாடும் செடியும், தண்ணீர் மிகுந்து வேர் அழுகி வாடும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பது அன்றுதான் உறைத்தது.

பயிற்சியின் சிறந்த பகுதி கவாத்து, அதாவது கிளைகளை முறையாக வெட்டிச் சீராக்குவது. பருத்த கிளையை அறுக்கும்போது, தண்டிலிருந்து சற்றுத் தள்ளி முதலில் அடியிலிருந்து பாதியளவும், அதற்கு வெளியே மேலிருந்து முழுவதுமாகவும், கடைசியில் கிளை தண்டோடு சேருமிடத்தில் புடைத்திருக்கும் கழுத்துக்கு வெளியே எஞ்சிய கிளைக்கட்டையையும் அறுக்க வேண்டும். அடிவெட்டை மறந்த சக பயிற்சியாளர் ஒருவரின் கிளை, ஒரு முழ நீளத்துக்குத் தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழுந்தது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, மரம் காயத்தை நம் தோலைப்போல ஆற்றுவதில்லை, சுற்றிலும் தடுப்பு எழுப்பி அடைத்துவிடுகிறது என்று விளக்கினார். கழுத்தைக் காயப்படுத்தினால் அந்தத் தடுப்பே வலுவிழக்கும். பழைய வெட்டுகளைக் காட்டிக்காட்டி இதைச் சொல்லித்தந்தார்கள். தேர்வில் கவாத்துக்கு நல்ல மதிப்பெண் வாங்கிய எனக்கு இது புதிது.

பெயர்ப்பலகை எழுதுதல், பதிவேடு ஆகியவற்றையும் ஒழுங்காகவே கற்பித்தார்கள். உதவித்தொகை சாப்பாட்டுக்குத்தான் காணும்.

என் மனக்குறை வேறு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிரிவு மாற்றிவிடுகிறார்கள். ஒரு செடியின் குச்சியை வேருள்ள இன்னொரு செடியில் செருகி இணைக்கும் ஒட்டுக்கட்டும் பிரிவில் நான் கட்டிய இருபது ஒட்டுகள் பிடித்தனவா என்று தெரிவதற்கு முன்பே புல்வெளிக்கு அனுப்பப்பட்டேன். அமெரிக்காவின் லாங்வுட் தோட்டத்தில் 1970இல் தொடங்கிய தோட்டக்காரர் பயிற்சி இரண்டாண்டு நீண்டதற்குக் காரணம் இல்லாமல் இருக்காது. தன் கைவேலையின் விளைவைப் பார்க்கப் பருவம் ஒருமுறையாவது திரும்பி வர வேண்டுமல்லவா?

உணவு இடைவேளையில் நானாகவே போய்ப் பார்த்தபோது ஏழுதான் துளிர்த்திருந்தன. காய்ந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மெல்லிய குச்சியைப் பருத்த வேர்ச்செடியின் நட்டநடுவில் செருகியிருந்ததால், இரண்டின் பட்டைக்கு அடியிலுள்ள பச்சை அடுக்குகள் எந்தப் பக்கத்திலும் தொட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு ஓரமாகத் தள்ளிச் செருகியிருந்தால் ஒரு பக்கமாவது சேர்ந்திருக்கும். இதை எனக்குச் சொல்ல வேண்டியவர் அதற்குள் அடுத்த குழுவுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

சேரலாம், ஆனால் பிரிவு மாறிய பிறகும் நாம் வைத்த செடியைத் தொடர்ந்து கவனிக்க அனுமதி உண்டா என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.