சுறா புட்டா, நெத்திலிக் குழம்பா?

காசிமேட்டில் கர்ப்பிணிக்கோ பிள்ளை பெற்றவளுக்கோ மீன் வாங்கப் போனால் வரும் குழப்பம் இது.

பாதரசம்
சுறா: பல ஆண்டு வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்பதால் சதையில் மெத்தில் மெர்க்குரி (பாதரசத்தின் நச்சு வடிவம்) ஏறிக்கொண்டே போகும்.
நெத்திலி: ஆயுசு குறைவு, மிதவை உயிரிதான் தீனி. மிகக் குறைவு.

இந்த மெர்க்குரி சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டி, மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தின் வேஷத்தில் மூளைக்குள் நுழையும், நஞ்சுக்கொடியையும் தாண்டும். 1956இல் ஜப்பானில் வெளிப்பட்ட மினமாட்டா நோயில் கைகால் மரத்து, பார்வை சுருங்கி, நடை தள்ளாடியது இதனால்தான். இரத்தத்தில் இது பாதி குறையவே சுமார் 50 நாள்.

சமையல்
சுறா: வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்தாலும் மெர்க்குரி போகாது, புரதத்தோடு ஒட்டியிருக்கிறது.
நெத்திலி: தலை கிள்ளிக் குடல் எடுக்கப் பொறுமை வேண்டும்.

கர்ப்பிணி, பால் கொடுப்பவர், குழந்தைகளுக்கு நெத்திலி. மற்றவர்கள் எப்போதாவது சுறா சாப்பிடலாம், சின்னதாகப் பார்த்து.