பிரவுன் அட்டை போட்ட ஃபைல்

மூன்று வார லீவில் டொராண்டோவிலிருந்து கோவில்பட்டி போனேன். அதில் பாதி மதுரை ஆஸ்பத்திரி வராந்தாக்களில் கழிந்தது. பெரியம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம். பீடி, சிகரெட் வாடையே இல்லாத வீடு.

அவரிடம் ‘நெஞ்சில் சளி கட்டியிருக்கு’ என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஃபைல் மேல் இருந்த ‘புற்றுநோய்ப் பிரிவு’ முத்திரை தெரியக் கூடாதென்று அண்ணன் பிரவுன் அட்டை போட்டிருந்தார். வந்த அன்றே நானும் அந்தப் பொய்யில் சேர்ந்துகொண்டேன்.

முதலில் போன ஆஸ்பத்திரியில், “பேஷண்ட் வெளியில இருக்கட்டும், அட்டெண்டர் மட்டும் வாங்க” என்றார்கள். ஐந்து நிமிடத்தில் கீமோ முடிவாகி, அண்ணன் கையெழுத்தும் போட்டாயிற்று. எனக்கு மனசு ஒப்பவில்லை. அண்ணனை நச்சரித்து வேறொரு டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. பெரியம்மாவிடம், “உங்க உடம்பைப் பத்தி எல்லாமே சொல்லட்டுமாம்மா, இல்ல பிள்ளைங்ககிட்ட பேசிக்கட்டுமா?” என்று கேட்டார்.

“முப்பது வருஷம் டீச்சரா இருந்தவ நான். ஆஸ்பத்திரி ஃபைலுக்கு எவனாவது அட்டை போடுவானா? சொல்லுங்க டாக்டர்.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

சதைப் பரிசோதனையில், புற்றுநோயை வளரத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் தெரிந்திருந்தது. டாக்டர் மருந்துச்சீட்டைத் திருப்பி இரண்டு கோடு போட்டார். ஒன்று, அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஜெஃபிட்டினிப் மாத்திரை, தினம் ஒன்று. இன்னொன்று, அதோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ டிரிப். மும்பை டாடா மெமோரியலில் 350 பேரிடம் செய்த ஆய்வில், மாத்திரை மட்டும் என்றால் நோய் அடங்கியிருந்தது சுமார் 8 மாதம். கீமோவும் சேர்ந்தால் 16 மாதம். ஆனால் கடுமையான பக்கவிளைவு 25 சதவீதம் பேரிடமிருந்து 51 சதவீதமாகக் கூடுகிறது. இரண்டுமே நோயை அடியோடு போக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஓசிமெர்டினிப் என்ற புது மாத்திரையும் இருக்கிறதாம். விலையைக் கேட்டு நான் டாலரில் கணக்குப் போடுவதற்குள் பெரியம்மா “வேண்டாம்” என்றுவிட்டார்.

அண்ணனும் நானும் ஒரே குரலில் “பதினாறு” என்றோம். பெரியம்மா கேட்டது வேறு. டிரிப் ஏற்றினால் எத்தனை நாள் படுக்கை? ஒவ்வொரு தடவையும் 100 கிலோமீட்டர் வந்து போகணுமா?

“நீங்க மாசத்தை எண்ணுறீங்க. அதுல எத்தனை நாள் என் வீட்டுத் திண்ணையிலன்னு நான் எண்ணுறேன்.”

மாத்திரை மட்டும் என்று முடிவாயிற்று. அது கேட்காமல் போனால் அடுத்து கீமோவுக்கு வழி இருக்கிறது என்றார் டாக்டர். மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும், வேதனையைத் தணிக்கிற பாலியேட்டிவ் டாக்டரை அன்றே பார்க்கச் சொன்னார். அண்ணனுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. எனக்கும்தான் முழுசாக ஆகவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மறுபடி போனோம். பெரியம்மா முகத்தில் மாத்திரையால் பரு பருவாக வந்திருந்தது. கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதியிருந்தார். நோட்டுக்கு அட்டை, ஃபைலிலிருந்து கழற்றிய அதே பிரவுன் தாள். பெயரைக் கூப்பிட்டதும் எங்களுக்கு முன்னால் எழுந்து உள்ளே போனார்.