பேராசிரியர் இருக்கையா, பெயர் பொறித்த அரங்கமா?

எங்களுக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியர் ஒருவரின் பெயர் நிலைக்க வேண்டும் என்று வகுப்புத் தோழர்கள் சேர்ந்து இரண்டு முறை பல்கலைக்கழகத்துக்கு நிதி கொடுத்திருக்கிறோம். முதல் முறை ஒரு கருத்தரங்கக் கூடம். இரண்டாம் முறை ஒரு வருகைதரு பேராசிரியர் இருக்கை, அதாவது முதலீடு செய்த நிதியின் வருமானத்தில், வெளியிலிருந்து வந்து பாடம் நடத்தும் பேராசிரியருக்கான ஒரு பதவி. மூன்றாவது முறை என்று ஒன்று வந்தால் என் ஓட்டு இருக்கைக்குத்தான்.

கூடத்தின் கவர்ச்சி தெரிந்ததுதான். கண்ணால் பார்க்கலாம், சீக்கிரம் முடியும், திறப்பு விழாவில் படம் எடுத்துக்கொள்ளலாம். பணம் திரட்டுவதும் சுலபம். இருக்கை என்றதும் எங்கள் குழுவிலேயே ஒருவர், "நாற்காலி வாங்கவா இவ்வளவு பணம்?" என்று கேட்டார்.

சிக்கல் திறப்பு விழாவுக்கு அப்புறம்தான். ஆறாவது வருடம் போய்ப் பார்த்தபோது ஏசி ஓடவில்லை, புரொஜெக்டரில் படம் மங்கல், பெயர் பொறித்த கல்லை மறைத்தபடி ஒரு பீரோ. துறையில் கேட்டோம். "பராமரிப்புக்கென்று நீங்கள் எதுவும் வைக்கவில்லையே" என்றார்கள். கோபம் வந்தது, யோசித்தால் அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

ஒரு கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட என்ன செலவாகுமோ, அதில் 2 முதல் 4 சதவீதத்தை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 1990இல் ஒரு கணக்குச் சொன்னது. இருக்கையில் கணக்கு தலைகீழ். முதலை அப்படியே முதலீட்டில் வைத்து, ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதம் எடுத்துச் செலவழிப்பது பல பல்கலைக்கழகங்களின் வழக்கம். அதற்கு மேல் வரும் வருமானம், விலைவாசிக்கு ஈடுகொடுக்க முதலோடு சேர்ந்துவிடும். ஆக, நூறு கொடுத்தால் கட்டடம் வருடத்துக்கு மூன்று கேட்கிறது. இருக்கை நான்கு தருகிறது. எங்களுக்கு இது முன்பே உறைத்திருந்தால் கூடத்தின் பக்கமே போயிருக்க மாட்டோம்.

ஹென்றி லூக்காஸ் இதைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே புரிந்துவைத்திருந்தார். ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் நிலத்தை வாங்கி, கேம்பிரிட்ஜில் ஒரு கணிதப் பேராசிரியரை அமர்த்தும்படி உயில் எழுதினார். 1663இல் அந்த இருக்கை உருவானது. 1669இல் அதில் நியூட்டன் அமர்ந்தார். 1979 முதல் 2009 வரை ஸ்டீபன் ஹாக்கிங். லூக்காஸ் யார் என்று நம்மில் பலருக்கு வேறெதுவும் தெரியாது, பெயர் மட்டும் தெரியும்.

கட்டடத்தில் பெயருக்கே உத்தரவாதம் இல்லை. பல்கலைக்கழகக் கட்டடம் இல்லைதான், ஆனாலும் நியூயார்க்கின் ஏவரி ஃபிஷர் அரங்கத்தைப் பாருங்கள். 1973இல் ஃபிஷர் 1.05 கோடி டாலர் கொடுத்ததற்காக வைத்த பெயர். பிற்பாடு அரங்கத்தைப் புதுப்பிக்கப் பெரும் பணம் தேவைப்பட்டது. பெயரை விட்டுக்கொடுக்க அவர் குடும்பத்துக்கு 1.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். 10 கோடி கொடுத்த டேவிட் கெஃபனின் பெயர் 2015இல் ஏறியது. அங்கேயும் கதையைத் தொடங்கிவைத்தது கட்டடத்துக்கு மறுபடி தேவைப்பட்ட பணம்தான்.

சரி, இருக்கையில் குறையே இல்லையா? இருக்கிறது. தொகை பெரியது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. உலகெங்கும் தமிழர்கள் கொடுத்துக் கொடுத்து 2018இல்தான் சேர்ந்தது. நிரந்தர இருக்கை எங்கள் கைக்கு எட்டாததால்தான் வருகைதரு இருக்கையோடு நிறுத்திக்கொண்டோம். அதில் யார் அமர்வது என்று நன்கொடையாளர் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆள் கிடைக்காமல் இடம் காலியாகக் கிடந்தால் அந்த வருட வருமானம் எங்கே போகும் என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். எங்களுடையதில் அது முதலோடு சேரும்.

எங்கள் இருக்கைக்கு வயது மூன்றுதான். சந்தை படுத்துவிடும் ஒரு வருடத்தை அது இன்னும் பார்க்கவில்லை. பார்த்த பிறகும் இதே உறுதியோடு பேசுவேனா, தெரியாது. அப்புறம், ஆய்வகமே இல்லாத ஒரு துறைக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் நான் சொன்னதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஆய்வகம் கட்டிக்கொடுங்கள், பராமரிப்புக்கும் ஒரு பங்கை எடுத்துவைத்து.

பழைய கூடத்துக்கு இப்போது தனியாக ஒரு சிறு நிதி சேர்க்கிறோம். புரொஜெக்டர் வந்துவிட்டது. பீரோவையும் நகர்த்திவிட்டார்கள். ஏசி பாக்கி.