வீட்டு ஸ்பின்னர் தட்டு: மூன்று வருடம் சுற்றிய பிறகு

முப்பத்தாறு வயதில் டொராண்டோவில் ஃபிகர் ஸ்கேட்டிங் கற்கத் தொடங்கினேன். சால்கோ, டோ லூப் என்ற ஜம்ப்கள் இரண்டும் ஒரு வருடத்துக்குள் பிடிபட்டுவிட்டன. லூப் என்ற ஜம்ப் மட்டும் வரவேயில்லை. எவ்வளவு உயரம் எம்பினாலும் பாதிச் சுற்றிலேயே உடம்பு விரிந்து, இரண்டு காலும் ஒன்றாக இறங்கிவிடும். “உங்களுக்குக் குறை ஜம்ப்பில் இல்லை, பேக் ஸ்பின்னில்” என்றார் கோச். அந்த வாரமே ஸ்பின்னர் வாங்கினேன். அன்றிலிருந்து வாரத்தில் நான்கு நாள் அதன் மேல் ஏறி நிற்கிறேன்.

பொருள் எளிமையானதுதான். பாதம் வைக்கிற அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அடிப்பக்கம் படகு மாதிரி வளைந்திருக்கும். ஷூ போட்ட காலை வைத்து, முன்பாதத்தில் எடையைக் கொடுத்துச் சுற்ற வேண்டும்.

கோச் சொன்னது எனக்குப் புரியவே சில வாரம் ஆனது. என்னைப் போல இடஞ்சுழியாகச் சுற்றுகிறவர்களுக்கு, ஃபிகர் ஸ்கேட்டிங்கின் ஆறு வகை ஜம்ப்பும் வலது காலில், பின்னோக்கி, வெளி எட்ஜில் (பிளேடின் வெளிப்பக்க விளிம்பில்)தான் இறங்கும். காற்றில் இருக்கும்போதும் எடை வலப்பக்கம், இடது கால் அதன் மேல் குறுக்காக, கைகள் மார்போடு. இதே நிலையில் ஐஸில் நின்று சுற்றினால் அதுதான் பேக் ஸ்பின். 2022இல் அமெரிக்க ஸ்கேட்டர் இலியா மாலினின் முதன்முதலில் நாலரைச் சுற்று ஆக்சல் (முன்னோக்கி எம்பும் ஜம்ப்) போட்டதை ஸ்லோ மோஷனில் பாருங்கள். அவர் காற்றில் இருப்பது ஒரு நொடிகூட இல்லை. எம்பிய உடனேயே உடம்பு ஊசிபோல ஒடுங்கிவிடுகிறது. அந்த ஒடுக்கத்தைத்தான் நான் வீட்டுக் கூடத்தில் பழகினேன்.

முதல் இரண்டு மாதம் இரண்டு சுற்றுக்கு மேல் நிற்கவில்லை. பிறகு ஒரு நாள் வலது இடுப்பைப் பாதத்துக்கு நேர் மேலே கொண்டுவந்தேன். தட்டின் சத்தமே மாறிவிட்டது. அதுவரை கரகரவென்று உரசிக்கொண்டிருந்தது, ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீராக ஓடியது. அதற்கப்புறம் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பழகினேன். நான்காவது மாதம் லூப் ஒற்றைக் காலில் இறங்கியது. ரிங்க்கின் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சரி, இது கற்றுத்தராதது என்ன? எட்ஜ். ஐஸில் ஸ்பின் பிறப்பது உள்ளே நுழையும் வளைவிலிருந்து. வளைவை இறுக்கிக்கொண்டே வந்தால் அதுவே சுழற்சியாகும். தட்டில் அந்த நுழைவு வளைவே கிடையாது, தோளை வீசித்தான் சுற்ற முடியும். அந்தப் பழக்கம் அப்படியே ஐஸுக்கும் வந்தது. முடித்துவிட்டுக் குனிந்து தடத்தைப் பார்த்தால், வளையல்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல இருக்க வேண்டிய சிறு வட்டங்கள் ஒரு முழ நீளத்துக்குச் சங்கிலியாக ஓடியிருக்கும். இரண்டு மாதம் நுழைவை மட்டுமே பழகி அதைச் சரிசெய்தேன். இப்போது தட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை.

நடுவில் ஒரு முறை ஸ்பின் அடியோடு போய்விட்டது. தட்டில் நன்றாக வருகிறது, ஐஸில் கால் நிற்கவில்லை. குற்றம் பிளேடில். ஒரு கடையில் சாணை பிடிக்கக் கொடுத்திருந்தேன். டோ பிக்குக்கு (பிளேடின் முன்முனைப் பற்களுக்கு)ப் பின்னால் இருக்கும் வளைவைத் தேய்த்துத் தட்டையாக்கியிருந்தார்கள். ஸ்பின் சுற்றுவதே அந்தச் சின்ன இடத்தில்தான். புது பிளேடு வாங்க வேண்டியதாயிற்று. ஃபிகர் பிளேடு பழகியவரிடம் மட்டும் சாணைக்குக் கொடுங்கள்.

தட்டும் தேயும். இரண்டாம் வருடக் கடைசியில் அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கீறிப்போய் வேகம் குறைந்தது, மாற்றினேன். மரத்தரை நல்லது. கம்பளத்தில் சுற்றாது, டைல்ஸ் இடுக்கில் தட்டும். கையை விரித்தால் எட்டும் தூரத்தில் நாற்காலி, மேசை எதுவும் வேண்டாம். நான் ஒரு முறை பின்னால் விழுந்து, இரண்டு வாரம் உட்கார முடியாமல் இருந்தேன்.

ஐஸில் பேக் ஸ்பின் மூன்று சுற்றாவது நிற்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். அதற்கு முன்னால் வாங்கினால் தோள் வீசும் பழக்கம்தான் முதலில் ஒட்டும். எனக்கு இப்போது ஆக்சல் நடக்கிறது. இன்னும் கால்வாசிச் சுற்றுக் குறைகிறது.