வடக்கா, கிழக்கா: இரண்டு மாகாண சபைகள்

இலங்கையின் மாகாண சபை முறையைப் படிக்கத் தொடங்குவோர், வடக்கு, கிழக்கு ஆகிய இரண்டில் எந்தச் சபையை முதலில் எடுப்பது என்று தயங்குவதுண்டு.

உறுப்பினர்: வடக்கில் 38, கிழக்கில் 37, இரண்டிலும் முதலிடம் பெற்ற கட்சிக்கு வழங்கப்படும் 2 போனஸ் ஆசனங்கள் இதில் அடங்கும்.

கட்சிகள்: 2013 செப்டம்பரில் தெரிவான வடக்கில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 30, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 7, முஸ்லிம் காங்கிரஸ் 1. 2012 செப்டம்பரில் தெரிவான கிழக்கில் சுதந்திரக் கூட்டமைப்பு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 11, முஸ்லிம் காங்கிரஸ் 7, ஐக்கிய தேசியக் கட்சி 4, தேசிய சுதந்திர முன்னணி 1.

நிலைத்தன்மை: இங்குதான் எண்கள் ஏமாற்றுகின்றன. கிழக்கில் 19 பேரைச் சேர்க்காமல் ஆட்சியில்லை என்பதால், 7 ஆசனங்களே கொண்ட முஸ்லிம் காங்கிரஸின் நிலைப்பாடு தீர்மானகரமானதாக இருந்தது. 2015 பெப்ரவரியில் சுதந்திரக் கூட்டமைப்பின் முதலமைச்சர் நஜீப் அப்துல் மஜீத் விலகி, முஸ்லிம் காங்கிரஸின் நசீர் அஹமட் முதலமைச்சரானார், பின்னர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினரும் அமைச்சர்களாயினர். வடக்கிலோ, நான்கில் மூன்று பங்குக்கும் மேலான பலம் இருந்தும், 2017 ஜூனில் முதலமைச்சர் சி. வி. விக்னேஸ்வரனுக்கு எதிராக அவருடைய அணியினரே நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கையளித்து, பிறகு மீளப் பெற்றனர். எதிர்க்கட்சி மெலிந்த சபையில் எதிர்ப்பு உள்ளிருந்தே முளைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கூட்டணி ஆட்சிப் பேரங்களையும் மூவின அரசியலையும் ஆராய்வோருக்குக் கிழக்கே ஏற்றது. பெரும்பான்மைக் கட்சியின் உட்பூசலையும், மாகாணத்துக்கும் ஆளுநருக்கும் இடையிலான அதிகார இழுபறியையும் அறிய விரும்புவோர் வடக்கை எடுக்கலாம்.