கொறங்காட்டுல கவுதாரி பாக்கோணுமா, இங்க போங்க (5க்கு 4)

போன ஞாயித்துக்கெழம வெள்ளகோயில் மூலனூர் பக்கம் இருக்கற இந்தத் தோட்டத்துச் சாளைல தங்கி வெடியால குருவி பாக்கற நடைக்குப் போயிருந்தமுங்க, நானு, ஊட்டுக்காரரு, பையன் மூணு பேரும், ஆளுக்கு 600 ரூபா, காலைல சாப்பாடும் அதுலயே சேர்த்தி. நஞ்சராயன் குளத்துக்கு 2024ல ராம்சார் அந்தஸ்து (முக்கியமான ஈரநிலத்துக்குக் குடுக்கற சர்வதேச அங்கீகாரம்) கெடச்சதுல இருந்து திருப்பூர்ல பாதிப் பேரு லீவு நாளான்னா அங்கதான் போறோம், ஆனா கவுதாரிய அந்தத் தண்ணிக்கரைல தேடிப் பிரயோஜனமில்லைங்க, அதுக்குக் கிளுவ வேலியும் கொழுக்கட்டப் புல்லும் வெள்வேல மரமும் இருக்கற கொறங்காடு, அதாவது மேச்சக்காடுதான் வேணும்.

கூட்டிட்டுப் போறது தோட்டத்துப் பெரியவரே. அஞ்சரைக்கு எழுப்பி, டீ வந்து குடிச்சுக்கலாம்னு சொல்லி, பொழுது கெளம்பறதுக்குள்ள இட்டேரி (ரெண்டு பக்கமும் வேலி இருக்கற தடம்) முக்குல வேலிய ஒட்டி உக்கார வெச்சுட்டாரு. நடைன்னு பேரு, முக்காவாசி நேரம் உக்காந்துதான் இருந்தோம், அதுதாங்க சரி. "தொரத்துனா ஓடும் சாமி, இன்னும் கிட்டப் போனா காலடில இருந்து சடசடன்னு பறந்து அக்கட்டால உழுந்துரும், அப்பறம் எங்க தேடுவ"ன்னு பையன்கிட்டச் சொன்னாரு. செத்த நேரத்துல வெள்வேல மரத்து மேல இருந்து "கத்தீத்தர் கத்தீத்தர்"னு ஒண்ணு கூப்பிட, எதுத்த காட்டுல இருந்து இன்னொண்ணு பதில் குடுத்துச்சு. தரைல திரியற குருவி மரத்துல என்ன பண்ணுதுன்னு பையன் கேட்டான், ராத்திரிக்கு நரி, காட்டுப்பூனைக்குப் பயந்து முள்ளு மரத்துல அடையுமாமா.

வெளிச்சம் வந்ததும் நாலு இட்டேரிக்கு எறங்குச்சுங்க, பத்தடிதான் இருக்கும். தொண்டைல எளமஞ்சளு, அதச் சுத்தி மைல கோடு இழுத்தாப்ல கருப்பு, ஒடம்பெல்லாம் பொடிப்பொடி வரி. ஒண்ணு கறையான் கட்டுன மண் ஓட்டக் காலால சீச்சுச் சீச்சுத் தின்னுச்சு, இன்னொண்ணு புழுதில ஒருச்சாச்சுப் படுத்து ரெக்கைக்குள்ள மண்ண அள்ளி அள்ளி உட்டுக்கிச்சு, பையன் மூச்சு கூட உடலைங்க.

இதுக்கு முன்னால வேற ஒரு எடத்துல போன்ல கவுதாரி சத்தம் போட்டு வர வெச்சாங்க. அதக் கேக்கற கவுதாரி, வேறொண்ணு நம்ம எடத்துக்குள்ள பூந்துருச்சுன்னு சண்டைக்கு ஓடி வருது, கூண்டுக் கவுதாரியக் கத்த உட்டுக் கண்ணி வெக்கறவங்க பண்றதும் அதேதானுங்க, அப்பிடிக் கண்ணி வெச்சுப் புடிக்கறத 1972 வனவிலங்குச் சட்டமே கூடாதுங்குது. இந்தத் தோட்டத்துப் பெரியவரு போனத் தொட உடல. புல்லு மறைவுல தரையச் சீச்சு ஆறு எட்டு முட்ட இடற குருவி, அடைல இருக்கற எடம் தனக்குத் தெரியும், ஆனா அந்தப் பக்கம் யாரையும் கூட்டிட்டுப் போறதில்லைன்னுட்டாரு. அக்கம்பக்கத்துல கிளுவையத் தோண்டிட்டுக் கம்பி வேலி போடறாங்க, இவரு ஒரு முழம் கூட எடுக்கல, அதுக்காகவே இன்னொருக்கா போவேன்.

சந்தவையும் தேங்காப்பாலும் நல்லா இருந்துச்சு. ஒரு ஸ்டார் கொறச்சது, பைனாக்குலர் ஒண்ணே ஒண்ணுதான், எல்லாரும் மாத்தி மாத்திப் பாக்கோணும், அதுக்குள்ள அது வேலிக்குள்ள போயிருது. மெயின் ரோட்டுல போர்டும் இல்ல, முன்னாடியே போன் பண்ணி வழி கேட்டுக்கங்க. வெயிலு ஏறிட்டா பொதரு நெழலுக்குப் போயிரும், அதனால மொத நாள் பொழுதோடயே போயித் தங்கிருங்க, முள்ளு குத்தாத செருப்பாப் பாத்துப் போட்டுக்கங்க.