காரைக்குடியில் மறுவிற்பனை ஃபிளாட்: ஒரு தரகு அலுவலகத்தின் சேவை குறித்து

பங்காளிகளுக்குப் பொதுவான செட்டிநாட்டுப் பரம்பரை வளவு வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனதால், என் பெற்றோருக்காகக் காரைக்குடியில் மறுவிற்பனைக்கு வந்த ஃபிளாட் ஒன்றை ஒரு தரகு அலுவலகத்தின் மூலம் பார்த்தோம். பத்திர வேலையில் அவர்கள் மிகவும் நேர்த்தியானவர்கள். தாய்ப்பத்திரம், மனையில் ஃபிளாட்டுக்கு உரிய பிரிபடாத பாகத்தின் கணக்கு, 30 ஆண்டு வில்லங்கச் சான்று என அனைத்தையும் கேட்பதற்கு முன்பே நகலெடுத்துத் தந்தார்கள்.

ஆனால் வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். குடியிருப்போர் சங்கத்துக்கு உள்ள பாக்கியோ மொட்டைமாடியின் ஒழுகலோ அதில் வராது. சுவர்களுக்குப் பட்டி பார்த்துப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பீரோவைச் சற்று நகர்த்தச் சொன்ன என் தந்தையார், அதன் பின்னால் கூரையிலிருந்து இறங்கியிருந்த ஈரக்கறையைக் கண்டார். சங்கச் செயலாளரிடம் தீர்மானப் புத்தகத்தை வாங்கிப் படித்தபோதுதான், மாடித் தட்டோட்டைப் பெயர்த்து மீண்டும் பதிக்க ஏற்கெனவே முடிவாகி, ஒவ்வொரு வீட்டிலும் பங்குத்தொகை வசூலிக்கப்பட இருப்பது தெரிந்தது. வளவு வீட்டில் ஓடு மாற்றினால் எந்தப் புள்ளிக்கு, அதாவது எந்தக் குடும்பத்துக்கு, எவ்வளவு என்பது பங்காளிகள் அனைவருக்கும் தெரியும்; இங்கே வாங்க வருபவருக்கு மட்டும் அது தெரிவதில்லை.

விற்பவர் மட்டுமே குறையை அறிந்த சந்தையில், வாங்குபவர் எல்லாவற்றுக்கும் விலையைக் குறைத்தே கேட்பார் என்பதையும், அதனால் நல்ல சரக்கு வைத்திருப்பவர் விலகிவிடுவார் என்பதையும் 1970இல் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார்களை வைத்து விளக்கினார். நியூயார்க்கின் கூட்டுறவுக் குடியிருப்புகளில் வீட்டை வாங்குபவர் உண்மையில் பெறுவது கட்டடத்துக்கு உரிமையாளரான நிறுவனத்தின் பங்குகளையே. கட்டடத்தின் பொதுக்கடன் சுமையும் அவற்றோடு வந்து சேர்வதால், நிதிநிலை அறிக்கையையும் நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகளையும் அவருடைய வழக்கறிஞர் முன்கூட்டியே படித்துப் பார்ப்பது அங்கே வழக்கம். நம் நாட்டிலும், சாதாரணக் கவனத்துக்குப் புலப்படாத முக்கியக் குறை தனக்குத் தெரிந்திருந்தால் விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55ஆவது பிரிவில்.

இரு தரப்பிலும் கமிஷன் பெறும் அலுவலகம், சங்கத்தின் நிலுவையின்மைச் சான்றையும் தீர்மானப் புத்தகத்தையும் அட்வான்ஸுக்கு முன்பே கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன். நாங்கள் எடுத்துச் சொன்னதும் அவர்கள் தட்டிக்கழிக்கவில்லை. கிரயத் தேதிக்கு முன் தீர்மானமான செலவுகள் அனைத்தும் விற்பவரைச் சாரும் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்த்து, உரிமையாளரின் கையொப்பத்தையும் அன்றே பெற்றுத் தந்தார்கள்.